உங்களுக்குத் தெரியுமா? கடைசிப் பக்கம்வரை உயிரோடிருக்கும் பிள்ளைகள்

கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று மொழிகளில் படிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். லெம்பா பெர்த்தாமிலும் ரிங்லெட்டிலும் ஹாபுவிலும் வளரும் இந்தப் பிள்ளைகளில் சிலர் தன்பாலீர்ப்பு உடையவர்கள். சிலர் திருநங்கையர், சிலர் திருநம்பியர். வீட்டில் சொல்ல முடியாமல், பள்ளியில் கேலிக்குப் பயந்து, பதினான்கு பதினைந்து வயதைத் தனியாகக் கடக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களோடு ஒரே மேசையில் உட்காரும் நண்பர்களுக்கும் கொடுக்கத் தகுந்த நாவல்கள் எவை? இந்த இதழின் துணுக்குகள் அதைப் பற்றித்தான்.

◆ கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் ஓர் உலகப் புகழ்பெற்ற நாவலுக்குள், இரண்டு ஆண்களின் காதல் கதை இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

பினாங்கில் பிறந்த தான் துவான் எங் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' 2012-இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் மேன் ஆசிய இலக்கியப் பரிசை வென்றது, புக்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. 'மஜூபா' என்ற கற்பனைத் தேயிலைத் தோட்டம், அதன் பக்கத்தில் ஒரு ஜப்பானியத் தோட்டம், ஓய்வுபெற்ற நீதிபதி யுன் லிங் என்று கதை நகர்கிறது. அவரைத் தேடி மலையேறி வரும் ஜப்பானியப் பேராசிரியர் தத்சுஜி, போர்க்காலத்தில் தற்கொலைப் படை விமானியாக இருந்தவர். தன் பயிற்சி ஆசிரியர் தெருஸென்மீது தான் கொண்டிருந்த காதலை, பல பத்தாண்டுகள் கழித்து, யுன் லிங்கிடம்தான் அவர் வாய்விட்டுச் சொல்கிறார். 2019-இல் இந்நாவல் திரைப்படமாகவும் வந்தது.

இது இளையோருக்கென்று எழுதப்பட்ட நாவல் இல்லை. சிறைமுகாம் கொடுமைகள் வருகின்றன. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். நம் மலையின் மூடுபனியையும் தேயிலைச் சரிவையும் இவ்வளவு அருகில் நின்று எழுதிய ஒருவர், அதே பக்கங்களில் இந்தக் காதலுக்கும் மரியாதையோடு இடம் கொடுத்திருக்கிறார் என்பது இங்குள்ள வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

◆ இளையோருக்கான பால்புதுமை (குயர்) நாவல்களில் மிக நேர்த்தியான ஒன்றை எழுதியவர் ஈழத்து வேர் கொண்டவர்.

ஷியாம் செல்வதுரை 1965-இல் கொழும்பில் பிறந்தார். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பின் குடும்பம் கனடாவுக்குப் பெயர்ந்தது. அவர் 2005-இல் பதின்பருவத்தினருக்கென்றே எழுதியது 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ'. சிறார், இளையோர் பிரிவில் லாம்ப்டா இலக்கிய விருது பெற்றது.

கதை 1980-இல் கொழும்பில் நடக்கிறது. பெற்றோரை இழந்த அம்ரித் என்ற பதினான்கு வயதுப் பையன், அம்மாவின் தோழி வீட்டில் வளர்கிறான். பள்ளியில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடக ஒத்திகை. அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து நிரேஷ் என்ற உறவுப் பையன் வந்து இறங்குகிறான். அவனைப் பார்த்த நாள் முதல் அம்ரித்துக்கு நிலை கொள்ளவில்லை. நிரேஷ் வேறொருவரோடு சிரித்துப் பேசினால் வயிறு எரிகிறது. நாடகத்தில் ஒத்தெல்லோவைத் தின்ற பொறாமை தன்னையும் தின்பதை அவன் மெல்ல உணர்கிறான். எதனால் இந்தப் பொறாமை என்று தன்னைத் தானே கேட்கிறான். பதில் தெரிந்ததும் பயப்படுகிறான். அதன் பிறகு, ஊரறிய எதையும் அறிவிக்காமலே, தன்னை ஏற்றுக்கொள்கிறான்.

நான் இந்த நாவலைப் பட்டியலின் தலையில் வைக்க ஒரு காரணம் உண்டு. இதில் யாரும் சாவதில்லை, யாரும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதில்லை. பெரிய வீரச் செயலும் கிடையாது. மழைக்காலம் ஒன்று வருகிறது, ஒரு பையன் தன்னைத் தெரிந்துகொள்கிறான், பள்ளி தொடர்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கொடுக்கலாம். ஆங்கிலமும் எளிமையானது.

◆ முதன்முதலில் வந்தது எது? அமெரிக்கரான ஜான் டானவன் 1969-இல் எழுதிய 'ஐ'ல் கெட் தேர். இட் பெட்டர் பி வொர்த் த ட்ரிப்' தான், தன்பாலீர்ப்பைப் பேசிய முதல் இளையோர் நாவலாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. டேவி என்ற பதின்மூன்று வயதுப் பையன் வகுப்புத் தோழனை முத்தமிடுகிறான். பிறகு அவன் உயிராக வளர்த்த நாய் வண்டியில் அடிபட்டு இறக்கிறது. தான் செய்த காரியத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று அந்தப் பிள்ளை நம்பிவிடுகிறான்.

அதற்குப் பின் வந்த பல நாவல்களும் இதே தடத்தில்தான் போயின. விபத்து, சாவு, பிரிவு, அவமானம், இவற்றில் ஏதாவது ஒன்று அந்தப் பாத்திரத்தின் தலையில் விழும். படிக்கிற பிள்ளைக்கு அது என்ன சொல்லும்?

◆ அந்தத் தடத்தை மாற்றிய நூலுக்காகப் பள்ளி மாணவர்களே நீதிமன்றம் போனார்கள்!

நான்சி கார்டன் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்' 1982-இல் வெளிவந்தது. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் சந்திக்கும் இரண்டு பெண்கள், லைசாவும் ஆனியும். லைசாவின் பள்ளி அவளை விசாரிக்கிறது, அவமானப்படுத்துகிறது. ஆனாலும் இறுதியில் இருவரும் சேர்கிறார்கள். 1993-இல் கன்சாஸ் சிட்டி வட்டாரத்தில் இந்நூலின் பிரதி ஒன்று எதிர்ப்பாளர்களால் எரிக்கப்பட்டது. கன்சாஸ் மாநிலத்தின் ஓலேத்தா என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் இதை நூலகங்களிலிருந்து எடுத்தது. மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1995 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நூலை அகற்றியது அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நூல் அலமாரிக்குத் திரும்பியது.

◆ தமிழில் இதைக் கதையாக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், சு. சமுத்திரத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

'வேரில் பழுத்த பலா' நூலுக்காக 1990-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். 1990-களில் அவர் எழுதிய 'வாடா மல்லி' ஒரு திருநங்கையின் வாழ்க்கையைச் சொல்லும் முழு நாவல். கதைநாயகன் பெயர் சுயம்பு. கிராமத்துப் பிள்ளை. கல்லூரிக்குப் போகிறான். உடம்பு ஒன்று சொல்கிறது, உள்ளம் வேறொன்று சொல்கிறது. குடும்பம் அடிக்கிறது, ஊர் சிரிக்கிறது. அவனுக்குள் இருக்கும் அவள் வெளியே வந்து, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து, ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொள்கிறாள்.

முப்பது ஆண்டுக்கு முந்தைய நூல். சில சொற்கள் இன்று நாம் தவிர்ப்பவை. அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். வன்முறைக் காட்சிகளும் இருப்பதால் பதினாறு வயதுக்கு மேல் கொடுப்பது நல்லது.

சமுத்திரத்தின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆகவே 'வாடா மல்லி'யைத் தமிழ் விக்கிமூலத்தில் காசில்லாமல் படிக்கலாம். மலைமேல் புத்தகக்கடை இல்லை என்ற கவலை இந்த ஒரு நூலுக்குத் தேவையில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று ஒருமுறை இறக்கிக்கொண்டால் ஆயிற்று.

◆ தன் கதையைத் தானே எழுதிய திருநங்கை: லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007-இல் கிழக்கு பதிப்பக வெளியீடாக வந்தது. நாவல் அல்ல, தன்வரலாறு. ஆனால் நாவலைவிட வேகமாக ஓடும். இதைத் தழுவிக் கன்னடத்தில் எடுக்கப்பட்ட 'நானு அவனல்ல அவளு' படத்தில் நடித்த சஞ்சாரி விஜய், சிறந்த நடிகருக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றார்.

◆ நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் ஒரு தமிழ்த் திருநங்கையின் பெயர்!

நாமக்கல் மாவட்டத்தில் பிறந்த அ. ரேவதியின் தன்வரலாற்றை, அவருடைய தமிழ்க் கையெழுத்துப் படியிலிருந்து வ. கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'தி ட்ரூத் அபவுட் மி' என்ற பெயரில் 2010-இல் வந்தது. தமிழில் 'வெள்ளை மொழி' என்று அடுத்து வந்தது. கொலம்பியாவின் பட்லர் நூலகக் கட்டடத்தின் உச்சியில் ஹோமர், பிளேட்டோ போன்ற ஆண்களின் பெயர்கள் மட்டுமே கல்லில் வெட்டப்பட்டிருக்கும். 2019-இல் அதன் மேல் மாணவர்கள் முயற்சியால் பெண் எழுத்தாளர்களின் பெயர் தாங்கிய பதாகை ஏறியது. டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ரேவதியின் பெயரும் அதில் இருந்தது.

பெண்ணாக வாழ விரும்பியதற்காகச் சொந்த வீட்டிலேயே அடி வாங்கியவர் அவர். இந்தச் செய்தியை நம் தமிழ்ப்பள்ளிச் சுவரில் ஒட்டலாம்.

◆ சிறார் எழுத்தாளர் யெஸ். பாலபாரதியைப் பல ஆசிரியர்கள் அறிவார்கள். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நூலுக்காக 2020-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர். அவரே திருநங்கையர் வாழ்வை வைத்து 'அவன் - அது = அவள்' என்ற நாவலும் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு எழுதுபவர் தொடக்கூடாத பொருள் இது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

◆ மலேசியத் தமிழ் நாவலிலும் திருநங்கையர் மையப் பாத்திரங்களாக வந்துவிட்டார்கள்.

ம. நவீன் எழுதிய 'சிகண்டி' 2021-இல் வெளிவந்தது. கெடாவிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் ஓர் இளைஞனும், சௌகிட் பகுதியில் வாழும் திருநங்கையரும் கதையின் நடுவில் இருக்கிறார்கள். நகரத்தின் இருட்டை ஒளிக்காமல் காட்டும் நாவல். அதனால் இது பெரியவர்களுக்கு மட்டும். பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், நீங்கள் படியுங்கள். சாலையில் கையேந்தி நிற்கும் ஒரு திருநங்கைக்கும் ஒரு தாய்மனம் உண்டு, ஒரு தெய்வம் உண்டு, கோபமும் உண்டு என்பதை நம் மண்ணிலிருந்தே சொல்லும் படைப்பு.

◆ தோட்டப்புற வாழ்க்கையை எழுதிய ஒரு தமிழ் நாவலும், 'கே இஸ் ஓகே' என்ற ஆங்கில நூலும் ஒரே ஆண்டில் தடை செய்யப்பட்டன.

2020-இன் இறுதியில் மலேசிய உள்துறை அமைச்சு இரண்டு நூல்களுக்குத் தடை விதித்ததை அறிவித்தது. ஒன்று, ம. நவீனின் 'பேய்ச்சி'. மற்றொன்று, ஙியோ பூன் லின் எழுதி 2013-இல் வெளிவந்த 'கே இஸ் ஓகே! எ கிறிஸ்டியன் பெர்ஸ்பெக்டிவ்'. பின்னதன் ஆசிரியரும் பதிப்பாளரும் வழக்குத் தொடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2023 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தடையை மீண்டும் நிலைநிறுத்தியது. 2023-லேயே இன்னும் மூன்று நூல்கள் தடைப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் 'ஜேக்கப்ஸ் ரூம் டு சூஸ்', 'தி டேல் ஆஃப் ஸ்டீவன்' ஆகிய இரண்டும் சிறார் படநூல்கள்.

ஏழு வயதுப் பிள்ளைக்கான படநூலைக் கண்டு ஒரு நாடு பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே சமயம் சட்டத்தைத் தெரிந்துகொள்வதும் அவசியம். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி, தடை செய்யப்பட்ட நூலைத் தக்க காரணமின்றி வைத்திருந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். இறக்குமதி செய்தால், விற்றால், மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தடைப் பட்டியலை உள்துறை அமைச்சின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். நூல் வாங்கும் முன், முக்கியமாகப் பள்ளி நூலகத்துக்கு வாங்கும் முன், ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

◆ தெற்கே சிங்கப்பூரில் 2014-இல் நடந்தது தெரியுமா? இரண்டு ஆண் பெங்குவின்கள் ஒரு குஞ்சை வளர்க்கும் உண்மைக் கதையைச் சொல்லும் 'அண்ட் டாங்கோ மேக்ஸ் த்ரீ' உட்பட மூன்று சிறார் நூல்களை தேசிய நூலக வாரியம் எடுத்தது. பெற்றோர்கள் நூலக வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்நூல்களை வாசித்து எதிர்ப்புக் காட்டினார்கள். இரண்டு நூல்கள் பெரியவர் பிரிவுக்குத் திரும்பின. மூன்றாவதை அதற்குள் கூழாக்கிவிட்டிருந்தார்கள்.

◆ ஷியாம் செல்வதுரையின் முதல் நாவல் 'ஃபன்னி பாய்' (1994) ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குகிறது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் எல்லாரும் தாத்தா பாட்டி வீட்டில் கூடுவார்கள். பையன்கள் வெளியே கிரிக்கெட். பெண்பிள்ளைகள் பின்கட்டில் கல்யாண விளையாட்டு. அங்கே மணப்பெண் எப்போதும் கதைநாயகனான ஆர்ஜிதான். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, பூ, உதட்டில் சாயம். அவன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் நேரம்தான் அவனுக்கு மிகவும் பிடித்த நேரம். ஒரு நாள் சண்டை வருகிறது. ஓர் அத்தை அவனைச் சேலையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் நடுவில் நிறுத்துகிறார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு, அம்மா சேலை உடுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையும் அவனுக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்கிறான். அம்மாவிடம் நேரான பதில் இல்லை.

இந்தக் காட்சியைப் படித்த யாரும், துப்பட்டாவைத் தலையில் போட்டு ஆடும் பையனைப் பார்த்து இனி அந்த மாதிரிச் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பிறகு ஆர்ஜி வளர்கிறான், பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையனை நேசிக்கிறான், 1983 ஜூலை வந்து எல்லாவற்றையும் எரிக்கிறது. இனக்கலவரமும் முதற்காதலும் ஒரே வீட்டுக்குள் நடக்கும் கதை. பதினாறு வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

கூடுதல் செய்தி: தீபா மேத்தா 2020-இல் இதைப் படமாக்கினார். முக்கியப் பாத்திரங்களில் தமிழர்கள் போதிய அளவு இல்லை, தமிழ் உச்சரிப்பு சரியில்லை என்று கனடாத் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள்.

◆ இந்திய ஆங்கிலத்தில் 2014 ஒரு நல்ல ஆண்டு. ஹிமாஞ்சலி சங்கரின் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்', பாயல் தரின் 'ஸ்லைட்லி பர்ன்ட்' இரண்டும் அந்த ஆண்டில்தான் வந்தன. இரண்டாவதில் கோமல் என்ற பெண்ணிடம் அவளுடைய உயிர்நண்பன் சாஹில், தான் தன்பாலீர்ப்பு உடையவன் என்று சொல்கிறான். நண்பராக இருப்பவர் என்ன செய்ய வேண்டும், எங்கே தவறுகிறார் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நாவல். வகுப்புத் தோழர்களுக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

'முஸ்கான்' வேறு வகை. பள்ளிக் கேலியால் நொந்த ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற செய்தியோடுதான் முதல் பக்கமே திறக்கிறது. மூன்று வகுப்புத் தோழர்கள் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். நல்ல நாவல். ஆனால் ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் பிள்ளையிடம் இதைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கூட உட்கார்ந்து படியுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

◆ அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள முடியாதபோது ஒரு தேவதைக் கதை உதவுமா? 'தி மேஜிக் ஃபிஷ்' (2020) என்ற சித்திர நாவலைப் பாருங்கள். எழுதி வரைந்தவர் ட்ரங் லே நுயென்.

வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த தாய், தையல் வேலை செய்கிறார். மகன் தியென் பள்ளிக்குப் போகிறான். மாலையில் இருவரும் சேர்ந்து நூலகத்துக் கதைப் புத்தகங்களை வாசிப்பது வழக்கம். அம்மாவுக்கு ஆங்கிலம் பழகும், மகனுக்கு அம்மா கிடைப்பார். தன் மனம் பையன்களை நாடுகிறது என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று மகனுக்குத் தெரியவில்லை. ஓவியர் மூன்று வண்ணங்களை வைத்துக்கொண்டு கதையை ஓட்டுகிறார். இன்று நடப்பது சிவப்பில், அம்மாவின் பழைய ஊர் மஞ்சளில், தேவதைக் கதைகள் நீலத்தில். ஒரே பக்கத்தில் மஞ்சள் நுழைந்தால், அம்மா ஊரை நினைத்துவிட்டார் என்று நமக்குப் புரிந்துவிடும். ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை.

முடிவை மட்டும் சொல்கிறேன், சுவை குறையாது: பழைய கதை ஒன்றின் முடிவை அம்மா மாற்றிச் சொல்கிறார். அதுதான் மகனுக்கு அவர் தரும் பதில். பாட்டி தமிழிலும் பேரன் மலாயிலும் சிந்திக்கும் நம் தோட்டத்து வீடுகளில், நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். படங்கள் நிறைய, சொற்கள் குறைவு. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் அரைநாளில் முடித்துவிடும்.

◆ ஈழத்தில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா போன எஸ்.ஜே. சிந்து, 2023-இல் 'சக்தி' என்ற சித்திர நாவலை நபி எச். அலியின் ஓவியங்களோடு வெளியிட்டார். பள்ளியில் படிக்கும் சக்திக்கு இரண்டு அம்மாக்கள். கதை அவர்களைப் பற்றியதே இல்லை. மாயமந்திரமும் பள்ளிக்கூட வம்பும்தான் கதை. இரண்டு அம்மாக்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், எல்லா அம்மாக்களையும் போல. பத்து வயதிலிருந்தே படிக்கலாம்.

◆ வேகமாக இன்னும் நான்கு:

'ஹார்ட்ஸ்டாப்பர்': ஆலிஸ் ஓஸ்மன் 2016-இல் இணையத்தில் வரையத் தொடங்கியது. சார்லி, நிக் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள். 2022-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்ததால் பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

'சைமன் வெர்சஸ் த ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா' (2015): பெக்கி ஆல்பர்டல்லி எழுதியது. மின்னஞ்சலில் வளரும் காதல். ஒருவரின் ரகசியத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை இளம் வாசகர் இதில் படித்தே உணர்வார்.

'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் த சீக்ரெட்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்' (2012): பெஞ்சமின் அலிரே சயென்ஸ் எழுதியது. 1987, எல் பாசோ நகரம், இரண்டு மெக்சிக அமெரிக்கப் பையன்கள். நீச்சல்குளத்தில் தொடங்கும் நட்பு. இதில் வரும் அப்பா அம்மாக்களுக்காகவே பெற்றோர் படிக்க வேண்டும். மகன் தன்னிடமிருந்தே ஒளிந்துகொள்வதைக் கண்டு, அவர்களே அவனை உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்' (2021): மலிண்டா லோ. 1954-இன் சான் ஃபிரான்சிஸ்கோ சீனக் குடியிருப்பில் வளரும் லில்லி. இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூல் விருது பெற்றது. குடும்ப மானம், அண்டை அயலார், வெளிநாட்டில் வாழும் பயம் எல்லாம் நம் கதைபோலவே இருக்கும்.

◆ சென்னையில் பால்புதுமையர் இலக்கியத்துக்கென்றே ஒரு விழா நடக்கிறது. குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் என்ற அமைப்பு 2018 ஜூலையில் கவிக்கோ மன்றத்தில் முதல் விழாவை நடத்தியது. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' என்ற தமிழ் நூலும் அதே ஆண்டில் அவர்கள் முயற்சியில் வந்தது. தன்பாலீர்ப்பு உடைய ஒரு தமிழ் இளைஞர், தன் பெயரைப் போட்டுத் தமிழிலேயே எழுதிய நூல்.

◆ நீதிபதியும் பாடம் படித்தார். வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்தப் பொருளைத் தான் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் ஒருவரோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகே, அந்த ஆண்டு ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். பள்ளிப் பாடத்திட்டத்திலும் மாற்றம் வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. ஐம்பது வயதில் ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள முடியும் என்றால், தோட்டத்து அப்பாவும் பள்ளி ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம்.

◆ நூலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்க நூலகச் சங்கம் தரும் ஸ்டோன்வால் விருதில் 2010 முதல் சிறார், இளையோருக்குத் தனிப் பிரிவு உண்டு. லாம்ப்டா விருதிலும் உண்டு. இரண்டின் பட்டியல்களும் இணையத்தில் கிடைக்கும். ஆனால் பரிசு மட்டும் போதாது. பிள்ளையிடம் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும். நான் பார்ப்பது இதைத்தான்: அந்தப் பாத்திரம் கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறதா? அதற்கு ஒரு நண்பராவது இருக்கிறாரா? இரண்டும் இருந்தால் முதல் நூலாகக் கொடுக்கலாம். துயரம் மிகுந்த 'முஸ்கான்', 'வாடா மல்லி', 'ஃபன்னி பாய்' எல்லாம் அடுத்த வரிசை. முதல் நூலே சாவில் முடிந்தால், தனக்கும் அதுதான் விதி என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. உங்கள் பிள்ளை அல்லது மாணவர் இப்படிப்பட்டவர் என்று நீங்களே முடிவுகட்டி, கையில் நூலைத் திணிக்காதீர்கள். மற்றப் புத்தகங்களோடு சேர்த்து வீட்டு அலமாரியில் வையுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். எடுத்ததைப் பார்த்துவிட்டால், கேள்வி கேட்காதீர்கள். கதை எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

◆ கடைசியாக எழுதும் கைகளுக்கு ஒரு வேண்டுகோள். போ நிறுவனம் இந்த மலையில் தேயிலை போடத் தொடங்கியது 1929-இல். ஏறக்குறைய நூறு ஆண்டுத் தோட்ட வாழ்க்கையில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் வளர்ந்திருக்கிறார்கள். கொழும்புப் பையனுக்கு அம்ரித் இருக்கிறான், எல் பாசோ பையனுக்கு அரிஸ்டாட்டில் இருக்கிறான். ரிங்லெட் பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப்பையோடு நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, அதன் வயதுக்கேற்ற ஒரு தமிழ் நாவல் வேண்டும். லெம்பா பெர்த்தாமிலோ தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து அதை எழுதுங்கள்.